தாளம் தப்பும் இருதயம்: நோய் நொடி இல்லாதவருக்கும் வருவது ஏன்?

வலது கையின் இரண்டு விரல்களை இடது மணிக்கட்டில் வையுங்கள். கட்டை விரலுக்குக் கீழே லேசாக அழுத்துங்கள்.

ஒரு துடிப்பு தெரிகிறதா? அதுதான் நாடி.

இருதயம் ஒரு தடவை சுருங்கினால் நாடி ஒரு தடவை துடிக்கும். நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு லட்சம் தடவை. நாம் தூங்கினாலும் அது தூங்குவது இல்லை.

நமது முன்னோர்கள் நாடி பிடித்தே நோயைக் கணித்தார்கள். இன்று எத்தனையோ கருவிகள் வந்துவிட்டன. ஆனாலும், ஒரு வியாதியை வீட்டில் இருந்தபடியே சந்தேகிக்க, இந்த இரண்டு விரல்கள் போதும்.

அந்த வியாதியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

"எனக்கு என்ன வியாதி?"

கள்ளக்குறிச்சிப் பக்கம் ஒரு கரும்பு விவசாயி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

வயது 42. கட்டுமஸ்தான உடம்பு. சர்க்கரை வியாதி இல்லை. ரத்தக் கொதிப்பு இல்லை. தொந்தி இல்லை. ஆஸ்பத்திரி வாசலை மிதித்ததே இல்லை.

ஒரு நாள் இரவு அவருக்குத் திடீரென்று நெஞ்சு படபடத்தது. உள்ளே ஒரு கோழிக்குஞ்சு சிறகடிப்பதைப் போல இருந்தது. உடம்பெல்லாம் வேர்த்தது.

"என்னங்க, இப்படி வேர்க்குதே?" என்று மனைவி பதறினாள்.

"ஒன்றும் இல்லை. பித்தமாக இருக்கும். சுக்குக் காபி போட்டுக் கொடு" என்றார் அவர்.

விடிவதற்குள் சரியாகிவிட்டது. அவரும் மறந்துவிட்டார். ஒரு மாதம் கழித்து மறுபடியும் வந்தது. அப்போதும் அவர் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை.

"எனக்கு என்ன வியாதி இருக்கிறது, டாக்டரிடம் போக?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். ஆனால், அதற்குப் பதில் இருக்கிறது.

மாற்று உலக்கை

இருதயத்தில் 4 அறைகள் உள்ளன. மேலே இரண்டு. கீழே இரண்டு.

மேல் அறைகள் ரத்தத்தை வாங்கிக் கீழ் அறைகளுக்குத் தள்ளும். கீழ் அறைகள் அதை உடம்புக்கும் நுரையீரலுக்கும் அனுப்பும்.

இரண்டு பெண்கள் ஒரே உரலில் மாற்று உலக்கை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு உலக்கை இறங்கும்போது மற்றது ஏறும். இருதயமும் அப்படித்தான் வேலை செய்கிறது. முதலில் மேல் அறை சுருங்கும். பிறகு கீழ் அறை சுருங்கும்.

இதற்கு உத்தரவு போடுவது ஒரு சிறிய மின்சார நிலையம். அது வலது மேல் அறையில் இருக்கிறது. அங்கிருந்து மெல்லிய மின்சாரம் புறப்பட்டு இருதயம் முழுவதும் பரவுகிறது.

சிலருக்கு இந்த ஒழுங்கு கெட்டுவிடுகிறது. மேல் அறைகளில் பல இடங்களில் இருந்து தாறுமாறாக மின்சாரம் கிளம்புகிறது. நிமிடத்துக்கு 350 முதல் 600 தடவை கூடக் கிளம்பும். அந்த வேகத்தில் மேல் அறையால் சுருங்க முடியாது. சோறு கொதிக்கும்போது பானையின் மூடி நடுங்குமே, அப்படி நடுங்கிக்கொண்டே இருக்கும்.

நல்லவேளையாக, மேல் அறைக்கும் கீழ் அறைக்கும் நடுவே ஒரு காவல்காரன் இருக்கிறான். அவன் எல்லா உத்தரவையும் கீழே விடுவது இல்லை. சிலவற்றை மட்டும் விடுகிறான். ஆனாலும் கீழ் அறை வேகமாகவும் ஒழுங்கு இல்லாமலும் துடிக்கிறது.

டாக்டர்கள் இதை 'ஏட்ரியல் பிப்ரிலேஷன்' என்பார்கள். நாம் 'மேலறை நடுக்கம்' என்று சொல்லலாம்.

படபடப்பு, மூச்சு வாங்குதல், களைப்பு, தலைசுற்றல் ஆகியவை இதன் அறிகுறிகள். சிலருக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அதுதான் ஆபத்து!

தேங்கினால் கட்டியாகும்

மேல் அறை நடுங்குவதால் உயிர் உடனே போய்விடாது. பின் ஏன் பயப்பட வேண்டும்?

ஓடுகிற வாய்க்காலில் பாசி பிடிக்காது. மூலையில் தேங்கி நிற்கும் தண்ணீரில்தான் பாசி பிடிக்கும். ரத்தமும் அப்படியே.

இடது மேல் அறையில் ஒரு சிறிய பை உண்டு. அறை சரியாகச் சுருங்காவிட்டால், அந்தப் பையில் ரத்தம் தேங்குகிறது. தேங்கிய ரத்தம் உறைந்து கட்டியாகிறது. அந்தக் கட்டி ஒரு நாள் புறப்பட்டு மூளைக்குப் போகும். அங்கே ரத்தக் குழாயை அடைத்துக்கொள்ளும்.

உடனே ஒரு கை விழுந்துவிடும். வாய் கோணிவிடும். பேச்சு குழறும். இதுதான் பக்கவாதம்.

அமெரிக்காவில் பிரேமிங்காம் என்ற ஊரில், ஊர் மக்களையே பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தார்கள். மேலறை நடுக்கம் உள்ளவர்களுக்குப் பக்கவாதம் வரும் அபாயம் மற்றவர்களைவிட 5 மடங்கு அதிகம் என்று அந்த ஆராய்ச்சி 1991-ல் தெரிவித்தது.

'தனி' நடுக்கம்

இந்த வியாதி பெரும்பாலும் யாருக்கு வரும்?

முதியவர்களுக்கு வரும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு வரும். சர்க்கரை வியாதி, பருமனான உடம்பு, மாரடைப்பு, இருதய வால்வுக் கோளாறு ஆகியவை உள்ளவர்களுக்கு வரும்.

இவற்றில் ஒன்றுகூட இல்லாத சிலருக்கும் வருவதை டாக்டர்கள் வெகுகாலமாகவே கவனித்து வந்தார்கள். 1954-ல் இங்கிலாந்தைச் சேர்ந்த டாக்டர்கள் எவான்ஸ், சுவான் ஆகிய இருவரும் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். வேறு இருதய வியாதி எதுவும் இல்லாமல் தனியாக வருவதால், 'தனி நடுக்கம்' என்ற பொருளில் அழைத்தார்கள்.

அமெரிக்காவில் உள்ள மாயோ ஆஸ்பத்திரி டாக்டர்கள் 1987-ல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். மேலறை நடுக்கம் வந்த 3,623 பேரை ஆராய்ந்ததில், 60 வயதுக்கு உட்பட்டு வேறு வியாதியே இல்லாதவர்கள் 97 பேர்தான். சுமார் 15 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அவர்களுக்குப் பக்கவாதம் வந்தது மிகவும் அபூர்வமாக இருந்தது.

ஆகவே, வேறு வியாதி இல்லாத இளம் வயதினர் கலங்க வேண்டியது இல்லை.

ஆனால், "வேறு வியாதி இல்லை" என்பதை யார் முடிவு செய்வது? நாமே முடிவு செய்யக்கூடாது. டாக்டர்தான் சோதித்துச் சொல்ல வேண்டும். தோண்டிப் பார்த்தால், பலருக்கு ஒரு காரணம் ஒளிந்திருப்பது தெரிகிறது. அதனால், 'தனி' என்ற அந்தப் பெயரையே கைவிட வேண்டும் என்று இன்றைய டாக்டர்கள் கூறுகிறார்கள்.

ஒளிந்திருக்கும் காரணங்கள் என்ன?

ஓடும்போது நின்ற ஜனாதிபதி

1991-ம் ஆண்டு மே 4-ந் தேதி. அப்போது அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர் ஜார்ஜ் புஷ். (பின்னால் ஜனாதிபதியான புஷ்ஷின் தந்தை.) அவருக்கு வயது 66. தினமும் ஓடிப் பழகியவர்.

அன்று ஓடிக்கொண்டு இருக்கும்போது மூச்சு வாங்கியது. களைப்பாக இருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். மாரடைப்பு இல்லை. மேலறை நடுக்கம்!

காரணம் என்ன? சில நாட்களில் தெரிந்தது. கழுத்தில் உள்ள தைராய்டு சுரப்பி அளவுக்கு மேல் வேலை செய்துகொண்டு இருந்தது. அதிசயம் என்னவென்றால், அவருடைய மனைவிக்கும் அதே தைராய்டு வியாதி ஏற்கனவே இருந்தது.

தைராய்டுக்குச் சிகிச்சை செய்தார்கள். புஷ் குணம் அடைந்தார். 94 வயது வரை வாழ்ந்து 2018-ல் காலமானார்.

காரணம் இருந்த இடம் கழுத்து. தாளம் தப்பிய இடம் நெஞ்சு. ஒரு ரத்தப் பரிசோதனையில் அது தெரிந்துவிடும்.

குறட்டையும் பரம்பரையும்

இரவில் பலமாகக் குறட்டை விடுவார்கள். நடுவே மூச்சு நின்றுவிடும். பிறகு திணறி மூச்சு வாங்குவார்கள். இவர்களுக்குத் தூக்கத்தில் பிராணவாயு குறைகிறது. இது மேல் அறையைக் கெடுக்கிறது. இதைக் கண்டுபிடிக்க வேண்டியவர் பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிதான்.

பரம்பரையும் ஒரு காரணம். பெற்றோருக்கு இந்த வியாதி இருந்தால், பிள்ளைகளுக்கு வரும் வாய்ப்பு சுமார் இரு மடங்கு ஆகிறது. 2003-ல் சீனாவில் ஒரு குடும்பத்தில் பரம்பரையாக இந்த நடுக்கம் வந்ததற்கு ஒரு மரபணுக் கோளாறே காரணம் என்று கண்டுபிடித்தார்கள்.

அளவுக்கு மிஞ்சிய பந்தயப் பயிற்சியும் சிலருக்குக் காரணமாகிறது. நெடுந்தூரப் பனிச்சறுக்குப் பந்தயங்களில் அடிக்கடி கலந்துகொண்ட சுவீடன் நாட்டு வீரர்களிடம் இது தெரிந்தது. இதைப் படித்துவிட்டு நடப்பதை யாரும் நிறுத்திவிட வேண்டாம். சாதாரண நடையும் வயல் வேலையும் இருதயத்துக்கு நல்லவையே.

குழந்தைப் பருவத்துத் தழும்பு

நமது நாட்டில் ஒரு காரணத்தை முக்கியமாகப் பார்க்க வேண்டும்.

சிறு வயதில் தொண்டைப் புண் வரும். சில குழந்தைகளுக்குப் பிறகு காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வரும். இது ருமாட்டிக் காய்ச்சல். மூட்டு வீக்கம் ஆறிவிடும். ஆனால், இருதய வால்வில் தழும்பு விழுந்துவிடும். 20 ஆண்டுகள் கழித்து அந்தத் தழும்பு தன் வேலையைக் காட்டும்.

இந்திய இருதயத் துடிப்பு டாக்டர்கள் சங்கம், மேலறை நடுக்கம் உள்ள 1,500-க்கு மேற்பட்டவர்களை நாடு முழுவதும் ஆராய்ந்தது. அவர்களின் சராசரி வயது சுமார் 55. மேல்நாட்டு நோயாளிகளைவிட நம்மவர்கள் இளையவர்கள். அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு இந்த வால்வுக் கோளாறு இருந்தது.

ஆகவே, 'எனக்கு எதுவும் இல்லை' என்று சொல்லும் இளைஞருக்கும் 'எக்கோ' பரிசோதனை அவசியம். ஒலி அலையைக் கொண்டு இருதயத்தைப் படம் பிடிக்கும் பரிசோதனை அது. வலி இல்லை. ஊசி இல்லை.

சாராயமும் இருதயமும்

இன்னொரு காரணம் குடி.

கள்ளக்குறிச்சியில் இதை எழுதும்போது கை நடுங்குகிறது. 2024-ம் ஆண்டு ஜூன் மாதம் கருணாபுரத்தில் கள்ளச்சாராயம் குடித்து 60-க்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். தாயையும் தந்தையையும் இழந்த குழந்தைகளின் அழுகுரல் நாட்டையே உலுக்கியது.

அது மெத்தனால் விஷம். கண்ணைக் கெடுத்து உயிரைக் குடித்த விஷம். அது வேறு.

ஆனால், விஷம் கலக்காத மதுவும் இருதயத்தை விட்டுவைப்பது இல்லை. 1978-ல் அமெரிக்க டாக்டர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். விடுமுறை நாட்களில் அதிகமாகக் குடித்தவர்கள், விடுமுறை முடிந்ததும் படபடப்புடன் ஆஸ்பத்திரிக்கு வந்தார்கள். அதற்கு 'விடுமுறை இருதயம்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் திருவிழாவுக்கும் தீபாவளிக்கும் குடிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

குடியை நிறுத்தினால் பலன் உண்டா? உண்டு!

ஆஸ்திரேலிய டாக்டர்கள், மேலறை நடுக்கம் உள்ள 140 குடிப்பழக்கக்காரர்களை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவினர் குடியை நிறுத்த வேண்டும். மற்றவர்கள் வழக்கம்போல் குடிக்கலாம். 6 மாதத்தில், குடித்தவர்களில் 100-க்கு 73 பேருக்கு நடுக்கம் மறுபடியும் வந்தது. நிறுத்தச் சொன்னவர்களில் 100-க்கு 53 பேருக்குத்தான் வந்தது. 2020-ல் இது வெளியானது.

மாத்திரை இல்லாமல், காசு செலவு இல்லாமல் கிடைத்த பலன் இது. மிச்சமாகும் காசும் வீட்டுக்கு வந்து சேரும்.

டாக்டருக்குப் பாடம் சொன்ன வியாபாரி

இந்த வியாதியின் வரலாற்றில் ஒரு சுவையான கதை உண்டு.

1912-ல் டாக்டர் வென்கபேக் என்பவரிடம் ஒரு டச்சு வியாபாரி வந்தார். நாடி ஒழுங்கில்லாமல் துடித்தது.

"இதை நிறுத்த என்னால் முடியாது" என்றார் டாக்டர்.

"எனக்குத் தெரியும். நாளைக் காலையில் சரியான நாடியுடன் வருகிறேன்" என்றார் வியாபாரி.

சொன்னபடியே மறுநாள் காலையில் வந்தார். நாடி சீராக இருந்தது! மலைக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்தைச் சாப்பிட்டதாகக் கூறினார். டாக்டர் அசந்து போனார். 1914-ல் அதைத் தமது புத்தகத்தில் எழுதினார். கொயினாவின் இனத்தைச் சேர்ந்த ஒரு மருந்து, பிறகு பல ஆண்டுகள் இந்த வியாதிக்குக் கொடுக்கப்பட்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் தாமாகக் கொயினா சாப்பிடக்கூடாது. அது ஆபத்து. இன்று அதைவிட நல்ல மருந்துகள் இருக்கின்றன.

என்ன சிகிச்சை?

1998-ல் பிரான்சு நாட்டில் போர்டோ நகர டாக்டர்கள் பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அடிக்கடி நடுக்கம் வந்துபோன 45 பேரைச் சோதித்தார்கள். தாறுமாறான மின்சாரம் பெரும்பாலும் எங்கிருந்து கிளம்புகிறது தெரியுமா? நுரையீரலில் இருந்து இருதயத்துக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்களின் வாயில் இருந்து!

அந்த இடத்தைச் சுற்றி மெல்லிய குழாய் மூலம் சுட்டுவிட்டால், கெட்ட மின்சாரம் உள்ளே வராது. இதற்கு மார்பைத் திறக்க வேண்டியது இல்லை. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாகவே செய்கிறார்கள். வேறு வியாதி இல்லாதவர்களுக்கு இது நல்ல பலன் தருகிறது.

எல்லோருக்கும் இது தேவைப்படாது. துடிப்பின் வேகத்தைக் குறைக்க மாத்திரை உண்டு. தாளத்தைச் சரிசெய்ய மாத்திரை உண்டு. மயக்க மருந்து கொடுத்து, மின்சார அதிர்ச்சி மூலம் தாளத்தைத் திருப்புவதும் உண்டு.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எல்லோருக்கும் வேண்டுமா? வேண்டியது இல்லை. வயது, ரத்தக் கொதிப்பு, சர்க்கரை, முன்பு வந்த பக்கவாதம் இவற்றைக் கணக்குப் போட்டு டாக்டர் முடிவு செய்வார். 65 வயதுக்கு உட்பட்டு, வால்வுக் கோளாறும் வேறு வியாதியும் இல்லாதவருக்குப் பொதுவாகத் தேவைப்படாது. தேவைப்படுகிறவர், "உடம்பு சரியாகிவிட்டது" என்று தாமாக நிறுத்தக்கூடாது. அதற்குப் பதிலாக ஆஸ்பிரின் சாப்பிட்டால் போதும் என்பதும் தவறு.

மலைமேல் இருந்தால்?

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே கல்வராயன் மலை. சாமையும் தினையும் விளையும் பூமி. மலையாளி என்னும் பழங்குடி மக்கள் அங்கே வாழ்கிறார்கள். வெள்ளிமலைதான் அந்தத் தாலுகாவின் தலைநகரம்.

நடந்து நடந்து உரம் ஏறிய உடம்பு அவர்களுக்கு. ஆனால், பக்கவாதம் வந்துவிட்டால் நேரம்தான் உயிர். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். அதற்கு முன்பு மூளையை 'ஸ்கேன்' எடுக்க வேண்டும். மலைப்பாதையின் ஒவ்வொரு வளைவும் அந்த நேரத்தில் ஒரு பங்கைத் தின்றுவிடும்.

2024 ஜூலையில் சென்னை ஐகோர்ட்டு, கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலை பற்றித் தானாகவே முன்வந்து வழக்கு எடுத்தது. சாலையும் மருத்துவ வசதியும் அங்கே உயிர்ப் பிரச்சினை. கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் ஆனது 2019-ல். அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது 2022 ஜனவரி 12-ந் தேதி. ஆஸ்பத்திரி அருகே வந்திருக்கிறது. ஆனால், நோயாளி அங்கே நேரத்தில் போய்ச் சேர வேண்டுமே!

ஆகவே, பக்கவாதம் வருவதற்கு முன்பே நடுக்கத்தைக் கண்டுபிடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

முடியுமா? குஜராத்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். ஆனந்த் மாவட்டத்துக் கிராமங்களில், கிராம சுகாதாரப் பணியாளர்கள் கைபேசியில் இணைக்கும் சிறிய கருவியுடன் போனார்கள். 2,000-க்கு மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். இருதயத் துடிப்பு கைபேசியில் பதிவாகிவிடும். 100-க்கு ஒருவர் அல்லது இருவருக்கு நடுக்கம் இருந்தது.

தமிழ்நாட்டில் 2021-ல் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கியது. அதில் ஊழியர்கள் வீடு தேடி வந்து ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். அவர்கள் வரும்போது, "என் நாடியையும் கொஞ்சம் பாருங்கள் அம்மா" என்று கேட்கலாம். கேட்பதற்குக் காசு இல்லை.

வீட்டில் செய்ய வேண்டியது

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மணிக்கட்டில் விரலை வைத்து, கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். தாளத்தைப் பாருங்கள்.

எப்போதாவது ஒரு துடிப்பு தப்பினால் பயம் வேண்டாம். அது பலருக்கும் உண்டு. ஆனால், ஒன்று பெரிது, ஒன்று சிறிது, ஒன்று முந்தி, ஒன்று பிந்தி என்று தாறுமாறாக ஓடினால், ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 'ஈ.சி.ஜி.' எடுக்கச் சொல்லுங்கள்.

நடுக்கம் வந்து வந்து போகும். அது வந்திருக்கும் நேரத்திலேயே எடுத்தால்தான் பிடிபடும். "காலையில் போகலாம்" என்று தள்ளிப்போட்டால், காலையில் அது மறைந்திருக்கும்.

படபடப்புடன் நெஞ்சு வலி, மயக்கம், மூச்சுத் திணறல் வந்தாலோ, முகம் கோணி, கை தளர்ந்து, பேச்சு குழறினாலோ, ஒரு நிமிடமும் தாமதிக்காதீர்கள். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள். கை வைத்தியம் பார்த்து நேரத்தைப் போக்காதீர்கள்.

மனைவி கேட்டாள்

நமது கரும்பு விவசாயிக்கு வருவோம்.

மூன்றாவது தடவை படபடப்பு வந்தபோது, மனைவி சுக்குக் காபி போடவில்லை. கணவரின் மணிக்கட்டில் விரலை வைத்தாள். தாளம் தப்பி ஓடியது. அந்த இரவே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். ஈ.சி.ஜி.யில் நடுக்கம் பிடிபட்டது. ரத்தத்தைச் சோதித்தார்கள். தைராய்டு! சிகிச்சை தொடங்கியது.

இப்படி முடிந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

முடியும். வியாதி இல்லை என்ற நம்பிக்கை நல்லது. ஆனால், சோதித்துப் பார்த்த பிறகு வரும் நம்பிக்கை அதைவிட நல்லது.

கட்டுரையைப் படித்து முடித்துவிட்டீர்கள். பக்கத்தில் இருப்பவரின் கையைப் பிடியுங்கள். ஒரு நிமிடம் நாடியைப் பாருங்கள்.